ஒரு நாட்டுப் பத்திரம் ஆட்டம் கண்டால் எங்கே பார்ப்பது

யீல்டு (அரசின் கடன் பத்திரத்தை இன்றைய விலையில் வாங்கினால் கிடைக்கும் ஆண்டு வருமான வீதம்) ஏறியதாகச் செய்தி வந்ததும் பலரும் அந்த ஒரு நாட்டின் எண்ணையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். வேறு இரண்டு மூன்று நாட்டு எண்களையும் பக்கத்தில் திறந்து வையுங்கள், பாதி விடை அங்கேதான் இருக்கும். (பத்திர விலை விழுந்தால் யீல்டு ஏறும், எனக்கே ஆரம்பத்தில் இது குழம்பும்.)

எல்லாமே சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் அது வட்டி ஏறும் என்ற பயம். 2013 மே மாதம், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் பத்திரம் வாங்குவதைக் குறைக்கக்கூடும் என்று அதன் அப்போதைய தலைவர் பெர்னான்கி சொன்னார், அவ்வளவுதான்: சுமார் 2 சதவீதத்தில் இருந்த அமெரிக்க 10 ஆண்டுப் பத்திர யீல்டு செப்டம்பருக்குள் 3 சதவீதத்தை ஒட்டி வந்தது, இந்தியா, இந்தோனேசியா, பிரேசில் மாதிரி வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருந்த இடங்களில் நாணயமும் சேர்ந்து சரிந்தது. அதனால் இந்த வகையில் நாணய மதிப்பையும் கவனியுங்கள்.

ஒன்று ஏறி இன்னொன்று அடங்கிக் கிடந்தால் கதையே வேறு. 2011 நவம்பரில் இத்தாலியின் 10 ஆண்டு யீல்டு 7 சதவீதத்தைத் தாண்டியது, ஜெர்மனியுடையது 2 சதவீதத்துக்கும் கீழே. இருவருக்கும் ஒரே யூரோ, ஒரே மத்திய வங்கி. அப்படியானால் நடுவே இருக்கும் அந்த 5க்கும் மேற்பட்ட சதவீதப் புள்ளிகள், அதாவது ஸ்பிரெட், கடன் திரும்பி வருமா என்ற சந்தேகத்தின் விலை. கிரேக்கத்தில் கிளம்பிய சந்தேகம் 'அடுத்து யார்?' என்று கேட்டுக்கொண்டே நகர்ந்து வந்தது.

அப்புறம் நான் முக்கியமாகப் பார்ப்பது, யார் விற்றே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறார்கள் என்பதை. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் அரசு வரிக்குறைப்பை அறிவித்தது. பத்திர விலை விழுந்தது. கடன் வாங்கி முதலீட்டைப் பெருக்கியிருந்த பென்ஷன் ஃபண்டுகளிடம் கடன் கொடுத்தவர்கள் கூடுதல் பிணை கேட்டார்கள். பிணைக்குப் பணம் புரட்ட அவர்கள் அதே பத்திரங்களையே விற்றார்கள், விலை இன்னும் விழுந்தது, மறுபடி பிணை கேட்டார்கள். 28ஆம் தேதி பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து தானே வாங்க இறங்கிய பிறகுதான் அந்தச் சுழல் நின்றது. 10 ஆண்டை விட 30 ஆண்டு யீல்டு ரொம்ப வேகமாக ஏறினால் இந்த மாதிரி யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

சரி, இந்த வழி எப்போதும் கைகொடுக்குமா? 2020 மார்ச்சில் கைவிட்டது. எல்லாருக்கும் கையில் டாலர் வேண்டியிருந்ததால், பயந்தவர்கள் ஓடி ஒளியும் அமெரிக்கப் பத்திரத்தையே விற்றுத் தள்ளினார்கள். அந்த மாதிரி நாட்களில் ஸ்பிரெட்டை விட்டுவிட்டு மத்திய வங்கி எவ்வளவு வாங்குகிறது என்பதைப் பாருங்கள்.