லேமினேஷன் போட்ட திருமணச் சான்றிதழ்: என் அனுபவம்

என் கணவருக்கு நெதர்லாந்தில், ஐந்தோவனில் வேலை. நான் பெங்களூரு அல்சூரில் இருந்துகொண்டு காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நகராட்சியில் கணவன் மனைவி என்று பதிவாக, அப்போஸ்டில் (நம் ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு தரும் சான்று) பெற்ற திருமணச் சான்றிதழ் வேண்டும். என் சான்றிதழ் இரண்டு முறை திரும்பி வந்தது.

முதல் முறை காரணம் லேமினேஷன். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா போட்டது. பிளாஸ்டிக் மேல் முத்திரை வைக்க மாட்டார்கள். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் உரித்துப் பார்த்தேன். பதிவாளர் கையெழுத்தின் மை பாதி படலத்தோடு வந்துவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் எங்கள் திருமணம் பதிவான திருநெல்வேலி சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, இங்குள்ள கர்நாடக மாநில அலுவலகத்தில் கொடுத்தேன். அதுவும் திரும்பியது.

பலர் தவறவிடும் இடம் இதுதான். நாம் குடியிருக்கும் ஊர் கணக்கில் வராது. சான்றிதழை எந்த மாநிலம் வழங்கியதோ, அந்த மாநில அரசுதான் முதலில் கையெழுத்தைச் சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். தம்பி சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்துறை முத்திரை வாங்கி கூரியரில் அனுப்பினான். அதன்பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் தடையில்லாமல் கிடைத்தது: பின்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர், அதில் ஒரு எண். பதினேழு நாள் போனது, இப்போதுதான் நிம்மதி.

சான்றிதழ் கிளியர் ஃபைலில் இருக்கிறது. ஸ்டேப்ளர் பின்கூட குத்தவில்லை.