பழைய பனிதான் ஆளைக் கொல்கிறது: ரிசார்ட்டுக்கு வெளியே ஸ்கீ போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பனிச்சரிவில் இறந்த ஸ்கீக்காரர்களைப் பற்றிய கணக்குகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். பத்தில் ஒன்பது விபத்துகளில் சரிவைக் கிளப்பிவிட்டது சிக்கியவரே, இல்லையென்றால் அவரோடு வந்தவர். மலை தானாக வந்து தலையில் விழுவது அபூர்வம். அதனால்தான் இதில் தவறுகளைப் பற்றிப் பேசினால் பிரயோஜனம் உண்டு.

கொலராடோவை வைத்தே பேசுகிறேன். அமெரிக்காவில் பனிச்சரிவுக்கு அதிகம் பேரைப் பறிகொடுக்கும் மாநிலம் அது. டென்வரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் கிட்டத்தட்ட 12,000 அடி உயரத்தில், லவ்லேண்ட் கணவாயில் போய் நிற்கலாம். ரிசார்ட்டில் மாதிரி லிஃப்ட் டிக்கெட் வேண்டாம், எங்கே போகிறாய் என்று கேட்பாரும் இல்லை. போதாக்குறைக்கு, அங்கே விழும் பனியின் குணமே கொஞ்சம் மோசம்.

நேற்றுப் பெய்ததை மட்டும் பார்ப்பது

புதுப் பனி கொட்டிய மறுநாள் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு மூன்று நாள் வெயில் அடித்ததும் ‘இந்நேரம் இறுகியிருக்கும்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். பசிபிக் கரையோர மலைகளில் இந்தக் கணக்கு பல சமயம் பலிக்கும். அங்கே பனி ஈரமாக, ஆழமாக விழும். குளிரும் அவ்வளவு கடுமை இல்லை. அடுக்குகள் சில நாளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும்.

கொலராடோவில் கதை வேறு. அக்டோபர், நவம்பரில் ஒன்றிரண்டு அடிப் பனிதான் விழும். அப்புறம் வாரக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கும், இரவில் கடுங்குளிர். பனிக்கு அடியில் தரையின் வெப்பம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரி. மேலே காற்று மைனஸ் 20 வரை இறங்கும். ஒன்றரை அடிக்குள் இவ்வளவு வித்தியாசம் இருந்தால், கீழேயுள்ள ஈரம் ஆவியாகி இடைவிடாமல் மேலே ஏறும். ஏறுகிற வழியில் பனித்துகள்களின் மேல் படிந்து, அவற்றைப் பட்டை பட்டையான பெரிய படிகங்களாக்கிவிடும். இந்தப் படிகங்களுக்கு ஒன்றோடொன்று பிடிப்பே கிடையாது. கையில் எடுத்து அமுக்கினால் உருண்டை பிடிக்க வராது, ரவை மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். தரையோடு ஒட்டி வளரும் இந்த அடுக்கை அங்கே டெப்த் ஹோர் என்கிறார்கள்.

டிசம்பர், ஜனவரியில் கொட்டும் நல்ல பனியெல்லாம் இதன் மேல்தான் போய் உட்காருகிறது. காற்று அதை அடித்து இறுக்கி ஒரே பாளமாக்கிவிடும். மேலே கெட்டிப் பாளம், கீழே பிடிப்பில்லாத அடுக்கு. ஓர் ஆளின் எடை கீழடுக்கை ஓரிடத்தில் நொறுக்கினால் போதும், அந்த நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் ஓடி, மொத்தப் பாளத்தையும் பிடுங்கிக்கொண்டு இறங்கும். விரிசல் பெரும்பாலும் நமக்கு மேலே விழும் என்பதால், மேற்பரப்பில் நிற்கும் நமக்குத் தப்ப வழி இருக்காது. வெயில் படாத, வடக்கும் கிழக்கும் பார்த்த உயரமான சரிவுகளில் இந்த ஏற்பாடு மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். நவம்பரில் விழுந்த பனி ஏப்ரலில் ஆளைக் கொல்வது இப்படித்தான்.

கீழே நடந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது

2013 ஏப்ரல் 20, சனிக்கிழமை. லவ்லேண்ட் கணவாய்க்குப் பக்கத்தில் ஷீப் க்ரீக் என்ற இடத்தில் ஆறு பேர் கிளம்பினார்கள். பனிச்சரிவுப் பாதுகாப்பை வலியுறுத்தும் ஒரு கூடுகைக்காக வந்திருந்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அறிக்கையை அன்று காலை படித்திருந்தார்கள். எந்தத் திசைச் சரிவில் ஆழத்தில் பலவீனமான அடுக்கு இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தச் சரிவில் ஏறும் எண்ணமே கிடையாது. அதன் அடிவாரத்தைக் கடந்து, பத்திரமான இன்னொரு பக்கத்துக்குப் போய்விடலாம் என்பதுதான் திட்டம். எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கு ஆள் 50 அடி இடைவெளி விட்டு நடந்தார்கள்.

நடந்துகொண்டிருக்கும்போதே காலடியில் பனி ‘தும்’மென்று அமுங்கியது. மேலே சுமார் 800 அடி அகலத்துக்குச் சரிவு பிய்த்துக்கொண்டு வந்தது. உடைந்த விளிம்பில் பனியின் கனம் சில இடங்களில் 12 அடி. ஆறு பேரும் மாட்டிக்கொண்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவரும் மணிக்கணக்கில் பனியில் சிக்கிக் கிடந்தார். 1962க்குப் பிறகு கொலராடோவில் நடந்த மிக மோசமான பனிச்சரிவு விபத்து இது.

இந்த விபத்தைப் படித்தவர்கள் பலரும் அவர்களைக் குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதில்தான் கணக்கு பிசகியது. சரிவின் மேல் கால் வைத்தால்தான் அது உடையும் என்று இல்லை. அடிவாரச் சமதளத்தில் பலவீனமான அடுக்கை நொறுக்கினால், அந்த நொறுங்கல் மேல்நோக்கி ஓடி, தலைக்கு மேலே இருக்கும் சரிவை அவிழ்த்துவிடும். 800 அடி அகலத்துக்கு வரும் பனிக்கு முன்னால் 50 அடி இடைவெளிக்கு என்ன மதிப்பு? ஒருவர் கடந்து முடித்து, பனி எட்டாத இடத்தில் நின்ற பிறகே அடுத்தவர் இறங்குவதுதான் இடைவெளி. அதைவிட, இன்னும் தள்ளி, மேலே சரிவே இல்லாத தடத்தில் சுற்றிப் போவது மேல். ஆறு பேரும் சிக்கியதால் தோண்டி எடுக்க வெளியே ஒருவர்கூட மிஞ்சவில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பாளப் பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில்தான் கிளம்புகிறது. கண்ணளவில் இதைச் சொல்ல முடியாது, கீழே நின்று பார்த்தால் 35 டிகிரிகூடச் சாதுவாகத் தெரியும். சாய்வுமானி ஒன்றும் விலை அதிகமில்லை, போனிலேயே அளக்கலாம். சாய்வுக்கு ஏற்ப நிறம் தீட்டிய வரைபடங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. முந்தின நாள் இரவே அதில் தடத்தைப் போட்டு, நாம் நிற்கும் இடத்தோடு சேர்த்து நமக்கு மேலே என்ன தொங்குகிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தில் மூன்று என்றால் பாதிதானே!

பனிச்சரிவு அறிக்கையில் வரும் ஆபத்து அளவுகோலில் ஐந்து படிகள். மூன்றாம் படி என்றதும் பரீட்சை மார்க் மாதிரி ‘நடுத்தரம்’ என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. மூன்றாம் படியின் விளக்கத்தைப் படித்தால் தெரியும்: ஆள் கால் பட்டுச் சரிவு கிளம்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது, தானாகக் கிளம்பவும் கூடும் என்றுதான் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் ஆபத்து ஒரே அளவில் கூடுவதில்லை, தாவித் தாவி ஏறுகிறது. நாலு, ஐந்து என்று போட்டால் பெரும்பாலானோர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். சாவு அதிகம் நடப்பது மூன்றிலும் இரண்டிலும்தான். ஷீப் க்ரீக் விபத்து நடந்த அன்றும் மூன்றுதான்.

அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு தவறு. எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம், எந்த வகைப் பிரச்சினை என்று அறிக்கை தனித்தனியே சொல்லும். காற்று அடித்துக் குவித்த பனியா, புயலில் விழுந்த பனியா, ஆழத்தில் கிடக்கும் பழைய அடுக்கா என்பதைப் பொறுத்து நடந்துகொள்ளும் விதமே மாறும். முதல் இரண்டும் சில நாளில் அடங்கும். மூன்றாவதற்கு ஒரே மருந்து, சாய்வு குறைந்த இடத்தில் சறுக்குவது.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வானம் தெளிவாக இருந்து, ஒரு துளிப் பனி பெய்யாவிட்டாலும், முகட்டில் காற்று அடித்தால் மறுபக்கச் சரிவில் பனி ஏறிக்கொண்டே இருக்கும். வானம் கொட்டுவதைவிடப் பல மடங்கு வேகத்தில் காற்று பனியைக் குவிக்கும்.

தடம் இருக்கிறதே, குழி தோண்டிப் பார்த்தோமே

ஏற்கனவே நாலு பேர் சறுக்கிய தடம் இருந்தால் மனசு லேசாகிவிடும். ஆழத்தில் கிடக்கும் அடுக்கு விஷயத்தில் இது எதையும் நிரூபிக்காது. பனி கனமாக இருக்கும் இடத்தில் பத்து பேர் போகலாம். பதினோராவது ஆள் பாறை ஓரத்தில், பனி மெலிந்த இடத்தில் திரும்புவார், அங்கே அவர் எடை கீழடுக்கை எட்டிவிடும்.

பனியில் குழி வெட்டி, அதன் சுவரில் செதுக்கிய ஒரு பனித்தூணைத் தட்டிச் சோதிப்பதும் அப்படித்தான். சோதனை மோசமாக வந்தால் திரும்பிவிட அது போதிய காரணம். நன்றாக வந்தால் அது அந்த ஒரு சதுர அடிக்கு மட்டுமே சொல்லும் சேதி. குழியைப் போவதற்கு அனுமதிச் சீட்டாகப் பயன்படுத்துகிறவர்களைவிட, குழியே தோண்டாமல் சாய்வு குறைந்த இடத்தில் சறுக்குகிறவர் பத்திரமாக இருப்பார். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்திருப்பது, காலடியில் ‘தும்’மென்று அமுங்குவது, ஸ்கீயின் முன்னால் விரிசல் ஓடுவது, இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்த பிறகு எந்தச் சோதனையும் தேவையில்லை. சத்தம் போட்டால் பனி சரியும் என்பது சினிமாவில் மட்டும்தான்.

இயன் மக்கேமன் என்பவர் 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 விபத்துகளை எடுத்து, ஆட்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று பார்த்தார். பழகிய இடம், முதல் தடம் போடும் ஆசை, கூட்டத்தில் ‘கெட்டிக்காரர்’ ஒருவர்மேல் பாரத்தைப் போடுவது, கிளம்பியாயிற்று முடித்துவிடலாம் என்கிற பிடிவாதம், இவையெல்லாம் வரிசையாக வந்தன. பழகிய மலைக்குப் போனபோது, பயிற்சி பெற்றவர்களின் கூடுதல் எச்சரிக்கைகூடக் கரைந்துபோயிருந்தது. ‘யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்புகிறோம், காரணம் கேட்கக் கூடாது’ என்று கார் நிறுத்துமிடத்திலேயே பேசிக்கொள்ளும் குழுக்கள் உண்டு. நல்ல வழக்கம்.

பீக்கன் இருக்கிற தைரியம்

பீக்கன் (புதைந்தவர் எங்கே கிடக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும் சமிக்ஞைக் கருவி), துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இல்லாமல் போகவே கூடாது. ஆனால் அவை புதைந்த பிறகு வேலை செய்பவை. பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மூச்சுத் திணறுவதற்கு முன்பே மரத்திலும் பாறையிலும் மோதிய அடியில் போய்விடுகிறார். மற்றவர்களுக்கு நேரம்தான் எல்லாம். சுவிட்சர்லாந்துப் பதிவுகளின்படி, 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர் அதற்குள் வராது, கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ளிப் போட வேண்டியிருக்கும். சரிந்து நின்ற பனி சிமென்ட்டாக இறுகிவிடும் என்பதால் பிளாஸ்டிக் மண்வெட்டி உதவாது. வருடத்துக்கு ஒருமுறை பீக்கனை எடுத்துப் பேட்டரி மாற்றுவதைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். போனைப் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. மின்சூட்டுக் கையுறையும் குழப்பும்.

குல்மார்க் போகிறவர்களுக்கு

நம் ஊரிலிருந்து ஸ்கீ போகிறவர்களில் பலர் முதலில் போவது காஷ்மீரின் குல்மார்க்குக்கு. கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தி கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு போய் அஃபர்வத் மலையில் விட்டுவிடும். ஏறும் சிரமம் இல்லாததால் அது ரிசார்ட் போலவே தெரியும். சில நூறு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் காவலில்லாத மலை. 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள். சண்டிகரில் உள்ள, பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகம் வெளியிடும் எச்சரிக்கைகள் ‘பாராமுல்லா மாவட்டம், இத்தனை மீட்டருக்கு மேல்’ என்ற அளவில் இருக்கும். எந்தச் சரிவு என்று அதிலிருந்து தெரியாது. ஆகவே கொண்டோலாவின் மேல்கட்டம் அன்று திறந்திருக்கிறதா, எந்தப் பகுதி வரை பார்த்துச் சரிசெய்திருக்கிறார்கள் என்று ஸ்கீ ரோந்துக் குழுவிடமே கேளுங்கள். வழிகாட்டியை அமர்த்தும்போது கூலியைப் பேசுவதற்கு முன்னால், அவரிடம் எத்தனை பீக்கன் இருக்கிறது, கூட வருகிறவர்களில் யாருக்கு அதை வைத்துத் தேடத் தெரியும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அன்றைக்குக் கீழ்ப்பகுதியிலேயே சறுக்கலாம்.