கொழும்புக் குழாய்த் தண்ணீரில் டிஸ்கஸ்: முதலில் கேஎச்சைப் பாருங்கள்

டிஸ்கஸ் மீன் வாங்கிய கையோடு எல்லோரும் கேட்கும் கேள்வி, "பிஎச் எத்தனையில் வைக்க வேண்டும்?" என்பது. பிஎச் என்பது தண்ணீரின் அமில-கார அளவைக் காட்டும் எண். நான் திருப்பிக் கேட்பேன்: "கேஎச் எவ்வளவு என்று பார்த்தீர்களா?" பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீட்டில் 200 லீட்டர் தொட்டியில் இந்த மீன்களை வளர்க்கிறேன். கொழும்புத் தண்ணீரில் டிஸ்கஸ் சாவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் பிஎச் கூடியதோ குறைந்ததோ இல்லை. அதை ஒரே இடத்தில் பிடித்து வைக்கத் தண்ணீரில் ஒன்றுமே மிச்சமில்லாமல் போனதுதான். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

நமக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து எடுத்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்படுவது. மீதி லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. எல்லாமே மழைக்காட்டுப் பக்கத்துத் தண்ணீர், நல்ல மென்னீர். யாழ்ப்பாணம் சுண்ணாம்புப் பாறையின் மேல் இருக்கிறது. அங்கே கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும். கொழும்பில் வருடக்கணக்கில் கொதிக்க வைத்தாலும் கேத்தல் அடி சுத்தமாகவே இருக்கும். டிஸ்கஸ் அமேசன் ஆற்றுப் படுகையின் மென்னீர் மீன் என்பதால் இது நமக்கு வாய்ப்பு. ஆகவே வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆர்ஓ இயந்திரம் (தண்ணீரில் கரைந்த உப்புகளை வடித்தெடுப்பது) வாங்க ஓடாதீர்கள். இருக்கிற கொஞ்சக் காபனேற்றையும் பணம் கொடுத்து எடுத்துவிடுவதாகிவிடும்.

சரி, கேஎச் என்பது என்ன? தண்ணீரில் கரைந்திருக்கும் இருகாபனேற்றின் அளவு. தொட்டியில் உண்டாகும் அமிலத்தை அதுதான் ஏற்றுக்கொள்கிறது. அது இருக்கும்வரை பிஎச் அதிகம் அசையாது. தீர்ந்த மறுநாளே சரிந்து விழும். அமிலம் எங்கிருந்து வருகிறது என்றால், நாம் போடும் தீனிலிருந்து. மீன் வெளிவிடும் அமோனியாவைப் பில்டரிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும்போது அமிலம் வெளிவரும். ஒரு கிராம் அமோனியா நைதரசனை மாற்றினால், கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு ஏழு கிராமுக்குச் சற்று அதிகமான காரத்தன்மை செலவாகிறது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

என் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 20 கிராம் மாட்டு இருதயக் கலவை போடுகிறேன் என்று வையுங்கள். அதிலிருந்து ஏறத்தாழ கால் கிராம் நைதரசன் அமோனியாவாக வெளிவரும் என்று கணக்குப் போட்டால், 200 லீட்டரில் நாளுக்கு அரைப் பாகை கேஎச் போய்விடும் (பாகை என்பது இங்கே கேஎச்சை அளக்கும் அலகு, வெப்பம் அல்ல). என் குழாயில் வருவதோ ஒன்றரைப் பாகை. தண்ணீர் மாற்றாமல் விட்டால் மூன்றே நாளில் பூச்சியம்.

பூச்சியமானால் என்ன நடக்கும் என்பதை எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடித் தம்பி வீட்டில் பார்த்தேன். காலையில் கதவைத் தட்டினான். "ரீச்சர், மீன் எல்லாம் கறுத்துப் போய் ஒரு மூலையில் நிற்குது." போய்ப் பார்த்தால், செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு எல்லாம் ஹீட்டருக்குப் பின்னால். பிஎச் டெஸ்ட் குழாயில் துளி விட்டதும் வெளிர் மஞ்சள், அட்டையில் உள்ள கடைசிக் கட்டம்: 6 அல்லது அதற்கும் கீழே. அமோனியா டெஸ்ட் குழாய் கடும் பச்சை, அதாவது அமோனியா மிக அதிகம். பாதித் தண்ணீரை மாற்ற வாளியும் ஹோஸும் தயாராக வைத்திருந்தான். "தம்பி, வாளியைக் கீழே வை" என்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். பிஎச் 6க்குக் கீழே போனால் அந்தப் பற்றீரியாக்கள் வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். அமோனியா சேரத் தொடங்கும். ஆனால் அந்த அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அமோனியம் அயனாக இருப்பதால் மீன் சமாளிக்கிறது. 29 பாகை வெப்பத்தில் பிஎச் 6 என்றால் நச்சான அமோனியா ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே தண்ணீர் 7.5க்கு ஏறினால் நூற்றில் இரண்டு பங்குக்கு மேல். முப்பது மடங்கு! பாதித் தண்ணீரை ஒரேயடியாகப் புதிதாக ஊற்றியிருந்தால் பிஎச் மேலே தாவி, அத்தனை மீனின் செவுளும் வெந்திருக்கும். "தண்ணி மாத்தினேன், எல்லாம் செத்துப் போச்சு" என்று சொல்பவர்கள் பலருடைய கதை இதுதான். தண்ணீரில் குற்றமில்லை.

இந்த நிலைமையில் செய்ய வேண்டியது: தீனை நிறுத்துங்கள். காற்றுக் கல் இன்னொன்று போடுங்கள். அமோனியாவைக் கட்டும் வகையான தண்ணீர்க் கண்டிஷனரை (தண்ணீரைப் பக்குவப்படுத்தும் மருந்து) முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு விட்டு, சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பத்துப் பத்து சதவீதமாக மாற்றுங்கள். கண்டிஷனர் போட்ட பிறகும் டெஸ்ட் பச்சையாகவே காட்டும். கட்டப்பட்ட அமோனியாவையும் அது சேர்த்துத்தான் அளக்கிறது, பயப்பட வேண்டாம். அந்த மருந்தின் பலன் ஒரு நாளளவே நிற்கும் என்பதால் திரும்பப் போட வேண்டிவரும். அமோனியா இறங்கிய பிறகுதான் கேஎச்சை உயர்த்தத் தொடங்க வேண்டும், அதுவும் நாளுக்கு அரைப் பாகைக்கு மேல் இல்லாமல். தம்பியின் மீன்கள் அப்படித்தான் தப்பின.

இனி அளக்கும் விதம். கேஎச் டெஸ்டில் 5 மில்லிலீட்டர் தண்ணீருக்கு ஒரு துளி ஒரு பாகை; நீலம் மஞ்சளாக மாறும் துளியை எண்ண வேண்டும். நம் தண்ணீரில் இரண்டாவது துளியிலேயே மஞ்சளாகிவிடும், அப்படியானால் அது ஒன்றா ஒன்றரையா என்று எப்படித் தெரியும்? 10 மில்லிலீட்டர் எடுங்கள். அப்போது துளி ஒன்றுக்கு அரைப் பாகை. ஒவ்வொரு துளிக்கும் மூடி போட்டுக் குலுக்கி, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். முதல் துளியின் நீலம் மிக மங்கலாக இருக்கும். டியூப் லைட் வெளிச்சத்தைவிட ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவை, தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். குழாய்த் தண்ணீரின் பிஎச்சைப் பிடித்த உடனே அளந்து பயனில்லை. கரைந்த காபனீரொட்சைட்டு எண்ணை மாற்றிக் காட்டும். ஒரு நாள் காற்று ஓடவிட்டு அளக்க வேண்டும்.

உயர்த்துவதற்கு விலை கூடிய பவுடர் எதுவும் வேண்டாம், அப்பச்சோடா போதும். அது சோடியம் இருகாபனேற்று. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதை எடுத்துவிடாதீர்கள். 100 லீட்டருக்கு ஒரு பாகை உயர்த்த 3 கிராம். நான் தொட்டிக்குள் நேரே போடுவதில்லை, மாற்றும் தண்ணீரில்தான் கலக்கிறேன். 60 லீட்டர் பீப்பாயில் ஒன்றரையிலிருந்து 4 பாகைக்கு வர நாலரை கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. இந்தத் தண்ணீரால் நாளுக்கு 30 சதவீதம் மாற்றினால், மேலே சொன்ன தீன் கணக்குக்குத் தொட்டி 2க்கும் 3க்கும் இடையில் நிற்கும்; பிஎச் 7க்கும் 7.5க்கும் இடையில் இருக்கும். பண்ணையில் பிறந்த டிஸ்கஸ் இதில் மிக நன்றாக வாழும். காட்டில் பிடித்த மீனுக்கும் முட்டை பொரிக்க வைப்பதற்கும் வேறு கணக்கு.

பில்டருக்குள் ஒரு சின்னப் பையில் நொறுக்கிய சிப்பி ஓடு வைப்பதும் நல்லது. தண்ணீர் அமிலமாகும்போது அது தானாகக் கரைந்து கொடுக்கும். ஆனால் மெதுவாகத்தான் கரையும், அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. முருகைக்கல்லைக் கடலிலிருந்து எடுத்துவராதீர்கள், சட்டப்படி குற்றம்.

பீப்பாய்த் தண்ணீரை ஒரு நாள் முன்னதாகப் பிடித்துக் காற்று ஓடவிடுங்கள். அவசரமென்றால் குளோரீனுக்குச் சோடியம் தயோசல்பேற்று. குளோரீனின் எடையைப் போல் ஏழு மடங்கு என்று கணக்கு. லீட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரீன் இருந்தால் 100 லீட்டருக்கு 0.7 கிராம். குழாயைத் திறந்தவுடன் மணம் தூக்கலாக இருக்கும் நாட்களில் இரட்டிப்பாகப் போடுவேன். இன்னொன்று, மொட்டைமாடிக் கறுப்புத் தாங்கியிலிருந்து பகல் இரண்டு மணிக்கு வரும் தண்ணீர் சூடாக இருக்கும். தொட்டி 28 முதல் 30 பாகைக்குள் இருக்க வேண்டும்; ஊற்றும் தண்ணீர் அதிலிருந்து ஒரு பாகைக்கு மேல் விலகக் கூடாது. கையால் பார்த்துச் சொல்லாதீர்கள், வெப்பமானி வையுங்கள்.

புதுக் கட்டடத்துக்குக் குடிபோனவர்கள் கட்டாயம் பிஎச் பார்க்க வேண்டும். புதிய சீமெந்துத் தாங்கி சில மாதங்களுக்குச் சுண்ணாம்பைக் கசியவிடும். நம் மென்னீரில் அது பிஎச்சை எங்கேயோ கொண்டுபோய்விடும். வறட்சிக் காலத்தில் இன்னொரு கவனம்: ஆற்றில் நீர் குறைந்தால் கடல் உப்பு களனியில் மேலே ஏறிவரும். அம்பத்தளைக்கு அருகே உப்புத் தடுப்பணை கட்டியதே அதற்காகத்தான். அந்த மாதங்களில் டிடிஎஸ் பேனாவை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) தினமும் பீப்பாயில் வைத்துப் பார்க்கிறேன். எண் திடீரென்று ஏறினால் அன்று பாதி அளவே மாற்றுவேன்.

பிஎச்சைக் குறைக்கும் அமிலப் போத்தல்களை வாங்காதீர்கள். அவை செய்வதெல்லாம் நாம் கஷ்டப்பட்டுச் சேர்த்த இருகாபனேற்றைத் தின்பதுதான். நாட்டு வாதுமை இலை இரண்டு போடலாம், தண்ணீர் தேயிலை நிறமாகும், மீனுக்கும் பிடிக்கும். கேஎச் 2க்குக் கீழே இருந்தால் அதுவும் வேண்டாம்.

கடைசியாகக் கரண்ட். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது பலருடைய தொட்டி கலங்கியது மின்சாரம் திரும்பி வந்த பிறகுதான். ஓட்டம் நின்ற கனிஸ்டர் பில்டருக்குள் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய பில்டர்) ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியாக்கள் சாகத் தொடங்கும். சுவிட்சைப் போட்டதும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் வரும். அதனால் பற்றறியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் ஸ்பொஞ் பில்டர் ஒன்றும் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். சில மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் போயிருந்தால், கனிஸ்டரைத் திறந்து உள்ளே நின்ற தண்ணீரை வெளியே கொட்டுங்கள். பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசுங்கள், குழாயடியில் வேண்டாம். அதன் பிறகு சுவிட்சைப் போடலாம். அன்று தீன் இல்லை. மறுநாள் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று பார்த்த பிறகு பாதி அளவில் தொடங்குங்கள்.