நோட்டரி சீல் இருந்தும் அபிடவிட்ட திருப்பி அனுப்புனாங்க, சரி பண்ணின கதை

உசிலம்பட்டி அம்மாச்சிக்கு பட்டாவுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. ரெண்டும் ஒரே ஆளுன்னு அபிடவிட் (சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்குற பத்திரம்) கேட்டாங்க. மாமா ஒரு ஏஜென்ட்கிட்ட குடுத்தாரு, அவரு அம்மாச்சிய கூட்டிட்டே போகாம நோட்டரிகிட்ட (பத்திரத்த உறுதி பண்ண அரசு நியமிச்ச வக்கீல்) சீல் வாங்கிட்டு வந்துட்டாரு, பேப்பர்ல நோட்டரியோட பதிவேட்டு வரிசை நம்பரும் (ரிஜிஸ்டர் நம்பர்) இல்ல தேதியும் இல்ல, ஆபீஸ்ல வாங்க மாட்டேன்னுட்டாங்க.

அப்புறம் நானே அம்மாச்சிய மதுரை கோர்ட் பக்கம் வேற ஒரு நோட்டரிகிட்ட கூட்டிட்டுப் போனேன். வக்கீலம்மா ஒரிஜினல் ஆதார வாங்கிப் பாத்தாங்க. பேப்பர் இங்கிலீஷ்ல இருந்ததால வரி வரியா தமிழ்ல சொல்லி, "ஆத்தா, இதெல்லாம் உண்மைதானா?"ன்னு அவங்க வாயாலயே சொல்ல வச்சாங்க, அதுக்கப்புறம்தான் மை டப்பாவையே தொறந்தாங்க. இடது பெருவிரல் ரேகை பேப்பர்ல ஒண்ணு, ரிஜிஸ்டர்ல ஒண்ணு. அந்த வரிசை நம்பர சீல் பக்கத்துல எழுதி, பீஸுக்கு ரசீதும் குடுத்தாங்க.

எனக்கு இதுதான் சரியான நோட்டரின்னு பட்டுச்சு. 1956 நோட்டரி விதிகள்லயே ரிஜிஸ்டர் எழுதணும், 5 செ.மீ. வட்ட சீல்ல பேரும் எந்த ஏரியாவுக்கு நியமனம்னும் இருக்கணும்னு இருக்கு. நீங்க போனா வெளிய வர்றதுக்கு முன்னாடி சீல், கையெழுத்து, தேதி, ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் இருக்கான்னு பாருங்க. ஆள் வரவேண்டாம்னு சொன்னா அங்க குடுக்காதீங்க. எங்க பேப்பர அடுத்த தடவ மறுபேச்சில்லாம வாங்கிக்கிட்டாங்க.