உதைத்துப் பார்த்தால் டயர் உண்மையைச் சொல்லாது

நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் போன லாரி சற்று விலகியதும் சாலை நடுவே ஒரு மரக்கட்டை தெரிகிறது. ஒதுங்க நேரமில்லை. தடாலென்று ஒரு சத்தம். ஓரமாக நிறுத்தி இறங்குகிறோம். டயரைச் சுற்றி ஒரு பார்வை, காலால் ஓர் உதை. கல் மாதிரி இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை என்று மறுபடி ஏறிக் கிளம்பிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் இப்படி உதைத்துப் பார்த்தே நிம்மதி அடைந்தவன்தான். அந்த உதையால் தெரிவதெல்லாம் டயரில் காற்று இருக்கிறது என்பது மட்டுமே. எவ்வளவு இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

இன்றைய கார்களில் பொதுவாக இருக்கும் ரேடியல் டயரில் தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகு இழைப் பட்டைகள் இருக்கின்றன. பக்கச்சுவரில் அந்தக் கவசம் கிடையாது. பாலியஸ்டர் போன்ற இழைகள்தாம் அங்கே காற்றின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. கட்டையின் மீதோ கல்லின் மீதோ சக்கரம் ஏறும்போது, பக்கச்சுவர் ரிம்மின் விளிம்புக்கும் அந்தப் பொருளுக்கும் நடுவே, கதவிடுக்கில் மாட்டிய விரல் போல நசுங்குகிறது. ரப்பர் வளைந்துகொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இழை அறுந்தால் அறுந்ததுதான். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இது நடக்கும். இழை அறுந்த இடத்தில் ரப்பர் மட்டும் எஞ்சி நிற்க, உள்ளிருக்கும் காற்று அதை வெளியே தள்ளிப் புடைப்பாக்கும். அது சில நேரம் அன்றே தெரியும், சில நேரம் வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நாம் அந்தக் கட்டையை மறந்துவிட்டு, டயரைச் செய்தவரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

புடைப்பைப் பார்த்த பிறகு செய்யும் தவறுகள் அதைவிட மோசமானவை. காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அடங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கும், சூடு ஏறும், மிச்சமிருக்கும் இழைகளும் தளரும். அந்த டயரைப் பின்பக்கம் மாற்றிவிட்டால் போதும் என்பது இன்னொரு கணக்கு. ஓடும்போது பின் டயர் வெடித்தால் காரின் வால் சுழன்றுவிடும், அதைத் திருத்துவது முன் டயர் வெடித்ததைச் சமாளிப்பதைவிடக் கடினம். புடைத்த பக்கச்சுவருக்குப் பழுதுபார்ப்பு என்று எதுவும் இல்லை. ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது.

தேவையில்லாத பயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கச்சுவரில் ரிம்மிலிருந்து தரைப்பகுதி நோக்கி ஓடும் மெல்லிய பள்ளம் சில ரேடியல் டயர்களில் புதிதாக இருக்கும்போதே இருக்கும். இழைத் துணியின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இணைப்பு அது. அங்கே பலம் கூடுதல் என்பதால் மற்ற இடம்போல் உப்புவதில்லை. விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே வாங்கினால் பெரும்பாலும் கவலையில்லை, வெளியே தள்ளினால் அந்த டயரின் வேலை முடிந்தது.

எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. டயருக்கு உள்பக்கச் சுவர் என்று ஒன்று உண்டு, நின்றுகொண்டு பார்த்தால் அது தெரியவே தெரியாது. முன் சக்கரமென்றால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்துப் பார்க்கலாம். பின் சக்கரத்துக்கு காரைத் தூக்கத்தான் வேண்டும். தரையில் பதிந்திருக்கும் பகுதியும் மறைந்தே இருப்பதால், சக்கரம் அரைச் சுற்று திரும்பும் அளவுக்குக் காரை உருட்டி இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆணி. குத்தியிருப்பதைக் கண்டதும் பிடுங்கத் துடிக்கும் கை நம்முடையது. டியூப்லெஸ் டயரில் அந்த ஆணியே தக்கைபோல ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். பிடுங்கினால் நடுச்சாலையில் நிற்க வேண்டியதுதான். காற்றை அளந்து, குறைந்திருந்தால் நிரப்பி, மெதுவாகப் பழுதுபார்க்கும் இடத்துக்குப் போவதே சரி. அதற்காக, காற்று இறங்கவில்லையே என்று மாதக்கணக்கில் ஆணியோடு ஓட்டுவதும் தவறு. அந்தத் துளை வழியே ஈரம் இறங்கி எஃகு இழைகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

தரையைத் தொடும் பகுதியில், பக்கச்சுவரோடு சேரும் ஓரங்களான தோள்களை விட்டுத் தள்ளி, 6 மி.மீ.க்கு மிகாத துளையைத்தான் ஒட்டலாம் என்பது கார் டயர்களுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. முறையான வேலை என்றால் டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கத்தைச் சோதித்து, துளையை அடைத்து, உள்ளிருந்து ஒட்டுப் போட வேண்டும். வெளியிலிருந்து ஒட்டும் திரியைக் குத்தி அனுப்பிவிட்டால் உள்ளே என்ன சேதம் என்று யாருமே பார்க்கவில்லை என்று பொருள். பக்கச்சுவர் கிழிந்த டயருக்குள் டியூபைப் போட்டு ஓட்டுவது வேறொரு சாமர்த்தியம். டியூப் காற்றைப் பிடித்துக்கொள்ளும், அறுந்த இழைகளுக்கு பதிலாக அதனால் பாரம் தாங்க முடியாது.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று காற்றில்லாமல் ஓட்டுவதுதான் நல்ல டயர்களை அதிகம் கொல்கிறது என்பது என் கருத்து. ஒட்டியிருந்தால் சரியாகியிருக்கும் ஓர் ஆணித் துளை, ஒரு கிலோமீட்டர் தட்டையாக ஓடியதும் குப்பைக்குப் போகிறது. கழற்றிப் பார்த்தால் பக்கச்சுவரின் உள்பக்கம் வளையமாகத் தேய்ந்து, ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும். அதை ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்றிறங்கியும் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயருக்கும் எல்லை உண்டு. பொதுவாக மணிக்கு 80 கி.மீ.க்கு மிகாத வேகத்தில் 80 கி.மீ. தூரம், அவ்வளவுதான்.

டேஷ்போர்டில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதும் நற்சான்றிதழ் அல்ல. அந்தக் கருவி காற்றை மட்டும் கவனிக்கிறது, அறுந்த இழையை அது அறியாது. காற்று விஷயத்திலும் அது தாமதமாகத்தான் பேசும். அமெரிக்க விதிப்படி அழுத்தம் 25 சதவீதம் குறைந்த பிறகு எச்சரித்தால் போதும். அதாவது 32 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் 24 ஆகும்வரை விளக்கு மௌனமாக இருக்கலாம். அதனால் மோதியதற்கு மறுநாள் காலை, காரை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பாருங்கள். அதே அச்சில் இருக்கும் ஜோடி டயரோடு ஒப்பிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் அளவு எடுங்கள். ஒன்று மட்டும் தொடர்ந்து இறங்கினால் ரிம் வளைந்திருக்கலாம், வால்வு அடிபட்டிருக்கலாம். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஸ்டீயரிங் நடுங்குகிறது அல்லது ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் பலரும் நேராக வீல் அலைன்மென்ட் செய்யப் போகிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் டயரின் உள்பக்கம், பிறகு ரிம், அதன் பிறகே பேலன்சிங், அலைன்மென்ட். தரைப்பகுதியில் ஓரிடம் மேடாகியிருந்தால் உள்ளே எஃகுப் பட்டை பிரிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த டயரில் அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

மோதும் கணத்திலும் ஒரு தவறு நேர்கிறது. கட்டை சக்கரத்தில் படும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறோம். அப்போது பாரமெல்லாம் முன்னால் சரிந்து, ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கி, அதிர்ச்சியை வாங்க இடமில்லாமல் போகிறது. முடிந்தவரை முன்னதாக வேகத்தைக் குறைத்து, படுவதற்குச் சற்று முன்பு காலை எடுத்துவிட வேண்டும். வேகம் 60-லிருந்து 80 ஆனால் காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. அழகுக்காகப் பெரிய ரிம் மாற்றியவர்கள் இதையும் கணக்கில் கொள்ளட்டும்: 205/55 டயரின் (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம் என்று பொருள்) பக்கச்சுவர் உயரம் சுமார் 113 மி.மீ., 225/40 டயரில் அது 90 மி.மீ. மட்டுமே. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே அவ்வளவுதான் மெத்தை.

மோதிய அன்றே எந்தச் சக்கரம், எந்தத் தேதி, எத்தனையாவது கிலோமீட்டர் என்று செல்பேசியில் குறித்து, டயரின் இரு பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் கைவைத்துத் தடவிப் பார்க்கும்போது, அந்தப் படத்தோடு ஒப்பிட முடியும்.