நட்சத்திரம் தெரிய வேண்டும்: சுக்கோத் குடில் கட்டும் முறை

என் அப்பா கன்னியாகுமரிப் பக்கம் ஓலைக்கூரை வேய்கிறவர். ஐப்பசி மழைக்கு முன்னால் அவரைத் தரையில் பார்ப்பதே அபூர்வம். பத்து வயதிலிருந்து நானும் கூடப் போய் ஓலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வேய்ந்து முடித்ததும் அப்பா உள்ளே போய் அண்ணாந்து பார்ப்பார். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ஏணியை எடுப்பார்.

எருசலேமில் ஒரு பெரியவரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்த முதல் வருடம், அதே கையோடு அவர் வீட்டு முற்றத்தில் சுக்கா, அதாவது யூதர்களின் சுக்கோத் பண்டிகைக்கான ஓலைக்குடில் கட்டினேன். பேரீச்ச ஓலையை நெருக்கி நெருக்கி அடுக்கினேன். சாபா சக்கர நாற்காலியில் உள்ளே வந்தார். (சாபா என்றால் எபிரேயத்தில் தாத்தா. நாங்கள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.) அவரும் அப்பாவைப் போலவே அண்ணாந்து பார்த்தார். "வேலை சுத்தமாக இருக்கிறது. ஆனால் நிறைய ஓலையை எடுத்துவிடு. ராத்திரி நட்சத்திரம் தெரிய வேண்டும், மழை வந்தால் உள்ளே இறங்க வேண்டும்" என்றார்.

பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் செப்டம்பர் ஆனதும் "சுக்கா கட்டச் சொல்கிறார்கள், எப்படி அண்ணே?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டுகிற முறை மட்டும் தெரிந்தால் போதாது. எதற்காக இப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் கை தானாகச் சரியாக வேலை செய்யும்.

நம் தமிழ் பைபிளில் சுக்கோத்துக்குப் பெயர் கூடாரப்பண்டிகை. யூதர்களின் திஷ்ரி மாதம் 15-ம் நாள், பௌர்ணமி அன்று தொடங்குகிறது. ஏழு நாள். அதை ஒட்டி எட்டாவது நாளாக ஷெமினி அத்சேரத் என்று தனியாக ஒரு பண்டிகை. இதற்கு இரண்டு வேர்கள் இருக்கின்றன. முதலாவது அறுவடை. யாத்திராகமம் இதைச் சேர்ப்புக்காலப் பண்டிகை என்கிறது. கோடை முடிந்து, தானியமும் திராட்சையும் வீடு வந்து சேர்கிற காலம். இரண்டாவது வனாந்தரம். எகிப்திலிருந்து இஸ்ரவேலரைப் புறப்படப் பண்ணினபோது அவர்களைக் கூடாரங்களில் குடியிருக்கச் செய்ததை வருகிற சந்ததிகள் அறிய வேண்டும் என்று லேவியராகமம் 23-ம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் இருந்தது நிஜமான குடிசையிலா, அல்லது கடவுள் அவர்களைச் சுற்றி வைத்த மேகங்களையா குடில் என்று சொல்லியிருக்கிறது என்று ரப்பிகள் எனப்படும் பழைய யூத மதகுருக்களுக்குள் ஒரு வாதம் உண்டு. சாபாவைக் கேட்டேன். "இரண்டும் ஒன்றுதான். ஓலை எவ்வளவு காக்கும்? மீதியை யார் காத்தது?" என்றார். எனக்கு அது போதும்.

ஆகவே இந்தக் கூரை உறுதியாக இருக்கக்கூடாது. களஞ்சியம் நிறைந்திருக்கிற நேரத்தில், கல்வீட்டை விட்டு இறங்கி, ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஒரு வாரம் சாப்பிட வேண்டும். கட்டும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்க வேண்டிய நேரம் யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாள் முடிகிற இரவு. நோன்பு முடித்துச் சாப்பிட்ட கையோடு முதல் ஆணியை அடித்துவிடுவது வழக்கம். தெரு முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்கும். 2026-ல் யோம் கிப்பூர் செப்டம்பர் 21, திங்கட்கிழமை மாலை முடிகிறது. சுக்கோத் செப்டம்பர் 25 வெள்ளி மாலை தொடங்குகிறது. நடுவில் நான்கு பகல்தான். இந்த வருடம் முதல் நாளே சனிக்கிழமை, அதாவது ஓய்வுநாள். எனவே வெள்ளி சூரியன் மறைவதற்குள் கட்டு இறுக்குவது, விளக்குக்கு டைமர் வைப்பது, சமையல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து இடம். தலைக்கு மேல் வானம் மட்டும்தான் இருக்க வேண்டும். மரத்தடியில் கட்டினால் செல்லாது, மாடி பால்கனிக்குக் கீழேயும் செல்லாது. சாபா வீட்டு முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம் இருக்கிறது. அதன் கிளை ஒன்று நீண்டிருந்ததால் குடிலையே இரண்டடி தள்ளிப் போட்டோம். எருசலேமில் சில அடுக்குமாடிகளில் ஒரு தளத்துப் பால்கனி அடுத்த தளத்துப் பால்கனிக்கு நேர் கீழே வராமல் விலகி விலகி இருக்கும். கட்டியவர் கணக்குத் தப்பிவிட்டார் என்று நினைத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் சுக்கா போட வானம் கிடைக்க வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டுகிறார்கள்.

சுவர் எதிலும் வைக்கலாம். பலகை, தகரம், துணி, வீட்டுச் சுவர் எல்லாம் சரி. யூத மதச் சட்டப்படி இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் கொஞ்சமும் இருந்தால் போதும். நாங்கள் மூன்று பக்கம் முழுதாக அடைத்து, நாலாவது பக்கம் வாசல் விடுகிறோம். அளவை அவர்கள் கை அகலத்தில் சொல்வார்கள். ஒரு கை அகலம் சுமார் 8 செ.மீ. கூரை குறைந்தது பத்துக் கை அகல உயரத்தில் இருக்க வேண்டும். அதிகபட்சம் இருபது முழம், அதாவது சுமார் 9.6 மீட்டர். துணிச்சுவர் என்றால் கவனம் வேண்டும். காற்றில் ஆடுகிற சுவரைச் சுவராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மூன்று கை அகலத்துக்குக் குறைவான இடைவெளியை மூடியதாகவே கணக்கு வைப்பார்கள். எனவே துணிக்கு உள்பக்கமாக, தரையிலிருந்து 20 செ.மீ.க்கு ஒரு கயிறு வீதம் ஐந்து கயிறு விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுங்கள். துணி ஆடினாலும் கயிறே சுவராகிவிடும்.

சுவர் முடிந்த பிறகுதான் கூரை. முறை மாறக்கூடாது.

கூரை போடும் பொருளுக்கு ஸ்காக் என்று பெயர். அது மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும், வெட்டி எடுத்ததாகவும் இருக்க வேண்டும். வேரோடு நிற்கிற திராட்சைக்கொடியைப் படரவிட்டால் செல்லாது. சாப்பிடும் பொருள், துணி, பெஞ்சுப் பலகைபோல் பயன்பாட்டில் இருந்த சாமான் எதுவும் ஆகாது. பேரீச்ச ஓலை, மூங்கில், நாணல், பச்சைக்கிளை இவையெல்லாம் ஆகும். "உன் களத்தின் பலனையும் உன் ஆலையின் பலனையும் சேர்த்தபின்பு" என்று உபாகமத்தில் வருகிறதே, அந்த வரியிலிருந்துதான் ரப்பிகள் இதை எடுத்தார்களாம். களத்திலும் ஆலையிலும் தானியத்தையும் ரசத்தையும் எடுத்தபின் மிஞ்சுகிற தாள், கொடி, கழிவு இவைதான் கூரைக்கு. சாபா இதைச் சொன்ன அன்று எங்கள் ஊர்க் களத்து மூலையில் வைக்கோல் கிடக்கும் இடம் கண்முன்னே வந்து நின்றது.

ஓலை தாங்க மேலே மரச்சட்டம்தான் போட வேண்டும். தூண்கள் இரும்பாக இருந்தாலும், ஓலை நேரே இரும்பில் படாமல் நடுவில் மரச்சட்டம் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் கயிறு, கம்பி வேண்டாம். நான் ஓலை நரம்பை உரித்து நாராக்கி அதிலேயே கட்டுகிறேன். அப்பாவுக்கு வீடியோ காலில் கூரையைக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "இவ்வளவு சந்து விட்டா மழைக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார். மழை வந்தால் உள்ளே போய்விடுவோம், அதுதான் முறை என்றேன். "அப்போ காத்தைப் பாரு. ஓலை கம்மியா இருந்தா காத்து தூக்கும். ஒவ்வொரு ஓலையையும் அடியில ஒண்ணு, நுனியில ஒண்ணு ரெண்டு கட்டு போடு" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் கட்டுகிறேன். ஒரு ஓலைகூடப் பறந்ததில்லை.

எவ்வளவு சந்து விட வேண்டும்? பகலில் நிழல் வெயிலைவிட அதிகமாக இருக்க வேண்டும், பாதிக்கு மேல். இரவில் நட்சத்திரம் தெரிய வேண்டும். நண்பகலில் உள்ளே நின்று மேஜையைப் பாருங்கள். நிழலுக்கு நடுவே வெயில் காசு காசாக விழுந்திருந்தால் சரியாக வந்திருக்கிறது.

அலங்காரம் உங்கள் இஷ்டம். மாதுளை, காகிதச் சங்கிலி, பிள்ளைகள் வரைந்த படம். ஏழு நாளும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கேள்வி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. நான் யூதன் இல்லையே, நான் கட்டிய குடில் இவர்களுக்குச் செல்லுமா? கேட்டேவிட்டேன். சாபா யூதர்களின் பழைய மதச் சட்ட நூலான தல்மூத் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, சுக்கா என்ற பகுதியைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். அந்நியர் போட்ட குடிலும் செல்லும், நிழலுக்கென்று முறைப்படி கூரை போட்டிருந்தால் போதும் என்று இருந்தது. அதே பகுதியில், தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற தொகுப்பில் இன்னொரு வரியையும் காட்டினார்: நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் சுக்காவில் இருக்கும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். கிட்டத்தட்ட 1,800 வருடங்களுக்கு முன் தொகுத்த நூல் அது. நோயாளியின் பக்கத்தில் ராத்திரி உட்கார்ந்திருப்பவனையும் அதில் நினைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சாபாவுக்கும் விலக்கு உண்டு. ஆனாலும் அவர் ஒரு வேளைகூட வீட்டுக்குள் சாப்பிட ஒப்புக்கொண்டதில்லை. அதனால் வாசலைச் சக்கர நாற்காலி நுழையும் அகலத்துக்கு விடுங்கள். படி இருந்தால் பலகைச் சரிவு போடுங்கள். இங்கே இரவில் குளிர் இறங்கும், ஒரு கம்பளியும் வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் வாசலில் நின்று அவர்கள் விருந்தாளிகளை அழைப்பார்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது. நாளுக்கு ஒருவர் முதன்மை. உயிரோடு இருக்கும் விருந்தாளியும் அவசியம். ஏழைக்குச் சோறு போடாமல் ஆபிரகாமை அழைத்து என்ன பயன் என்பார் சாபா. எருசலேமில் யூதர்களின் தேவாலயம் இருந்த காலத்தில் இந்த ஏழு நாளில் பலியிட்ட காளைகள் மொத்தம் 70. முதல் நாள் 13, பிறகு தினம் ஒன்று குறைந்து ஏழாம் நாள் 7. அந்த எழுபதும் உலகத்தின் எழுபது இனங்களுக்காக என்பது ரப்பிகளின் விளக்கம். அதைச் சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

பண்டிகையில் கையில் எடுத்து ஆசீர்வாதம் சொல்வதற்கான நான்கு செடிகளை அவர்களே பார்த்து வாங்குவார்கள். உங்கள் வேலை வாடாமல் காப்பது. எத்ரோக் பார்க்கக் கடாரங்காய்போல் இருக்கும். அதன் நுனிக்காம்போடு இருக்கிற காய் என்றால் அந்தக் காம்பு ஒடியக்கூடாது, பஞ்சில் சுற்றி வையுங்கள். லுலாவ் என்பது விரியாத பேரீச்சங்குருத்து. கூடவே ஹதாஸ் என்ற வாசனைக்கிளை மூன்றும், ஆற்றலரிக் கிளை இரண்டும். ஆற்றலரிதான் சீக்கிரம் வாடும், ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். எத்ரோக்குக்கு ருசியும் மணமும் உண்டு, பேரீச்சைக்கு ருசி மட்டும், ஹதாஸுக்கு மணம் மட்டும், ஆற்றலரிக்கு இரண்டும் கிடையாது. நான்கு விதமான மனிதர்கள் அவர்கள், ஒருவரை விட்டுவிட்டாலும் ஆசீர்வாதம் சொல்ல முடியாது. ஓய்வுநாளில் இவற்றை எடுப்பதில்லை, எனவே 2026-ல் ஞாயிறு காலைதான் முதல் முறை.

மழை வந்தால் என்ன செய்வது? சாப்பாடு கெடும் அளவுக்குப் பெய்தால் உள்ளே போகலாம். எஜமானுக்குக் கிண்ணத்தில் ஊற்ற வந்த வேலைக்காரன் முகத்தில் எஜமான் அதைத் திருப்பிக் கொட்டியதுபோல் என்று மிஷ்னா அந்த மழையைச் சொல்கிறது. அவ்வளவு வருத்தம் அவர்களுக்கு. மழையின் பெயரை ஜெபத்தில் சொல்லத் தொடங்குவதே எட்டாம் நாள்தான். இஸ்ரேலில் மழை வேண்டும் என்று கேட்பதோ அதற்கும் இரண்டு வாரம் கழித்து. எருசலேமுக்கு வந்த யாத்திரிகர்களில் கடைசி ஆள் யூப்ரடீஸ் ஆறுவரை நனையாமல் போய்ச் சேரட்டும் என்று கொடுத்த அவகாசம் அது.

2026-ல் எட்டாம் நாள் அக்டோபர் 3, சனிக்கிழமை. பிரிப்பதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். ஓலையைக் காலில் மிதிபடப் போடாதீர்கள். சட்டங்களில் சாக்பீஸால் எண் போட்டு வைத்தால் அடுத்த வருடம் அரை நாள் மிச்சம். காய்ந்த லுலாவை எடுத்து வையுங்கள், பஸ்கா பண்டிகைக்கு முன் புளித்த மாவுப் பொருளை எரிக்க அதைப் பயன்படுத்துவார்கள். எத்ரோக்கையும் எறிய வேண்டாம். கிராம்பு குத்தி வைத்தால் மாதக்கணக்கில் மணக்கும். ஓய்வுநாள் முடிகிற சனி இரவு ஜெபத்தில் அதைத்தான் முகர்ந்து பார்ப்பார்கள். தோல் கெட்டி, சாபாவின் விரலில் அவ்வளவு பலம் இல்லை. நான் பல்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகப் போட, அவர் ஒவ்வொரு கிராம்பாகச் செருகுவார். முழுதாக நிறைய எங்களுக்கு இரண்டு மாலை ஆகும்.