முதியோர் இல்லத்தில் ரிப்பேரை இழுத்தடிக்கிறார்களா? இப்படிக் கேளுங்கள்

அடுத்த முறை அம்மாவையோ அப்பாவையோ பார்க்கப் போகும்போது குளியலறைக் கைப்பிடியை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். என் அம்மா இருந்த இல்லத்தில் அதன் ஸ்க்ரூ கழன்று சுவரில் ஓட்டை மட்டும்தான் மிச்சம். "சொல்லியிருக்கோம், ஆள் வருவாங்க" என்றே மூன்று வாரம் ஓட்டினார்கள்.

வாய்வார்த்தை காற்றோடு போய்விடும். தேதி தெரிய போட்டோ எடுங்கள், எந்த அறை, என்ன பழுது, யாருக்கு ஆபத்து என்று நாலு வரி எழுதி மேலாளருக்கு அனுப்பி, எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுத்திலேயே பதில் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்காதீர்கள். வழுக்குவது, சுடுவது, ஷாக் அடிப்பது முதலில், பெயின்ட் அப்புறம். குழாயில் வரும் சுடுநீர் 60 டிகிரி செல்சியஸ் இருந்தால் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும், வயதானவர்களால் கையைச் சட்டென்று இழுக்கவும் முடியாது. கூரை ஒழுகினால் நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்கச் சொல்லுங்கள், விட்டால் பூஞ்சை பிடிக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் பாடு திண்டாட்டம்.

உதிரி பாகம் வரவில்லை என்பார்கள். சரி, வரும்வரை என்ன ஏற்பாடு? வேறு குளியலறையா, துணைக்கு ஆளா? லிஃப்ட் நின்றால் சக்கர நாற்காலியில் இருப்பவர் மாடியிலேயே முடங்கிவிடுவார், அவரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மேலாளருக்கு எழுதுவதில் மற்றக் குடும்பங்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். சொன்ன தேதி தாண்டியதா? இல்லத்தைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்கு அதே போட்டோக்களோடு அன்றே புகார் எழுதிவிடுங்கள்.